பலி, குர்பானி, பாவமன்னிப்பு: சேந்தமங்கலச் சீமை தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கொல்லிமலை தெரிய அமைந்திருக்கிறது புதுச்சத்திரம். வழிப்போக்கர்கள் தங்கிச் சென்ற காலத்தின் நினைவு ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நாமக்கல் மாவட்டத்தின் இப்பகுதியில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. ஒரே சந்தையில் பொருள் வாங்குகிறோம். ஒரே பேருந்தில் பயணம் செய்கிறோம். ஒருவர் வீட்டு மரணத்திற்கு மற்றவர் சென்று நிற்கிறோம். எனினும் அண்டை வீட்டுக் கிறிஸ்தவர் எதை நம்புகிறார் என்று நம்மில் ஒருவரைக் கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது ஒரே வரி: “இயேசு எல்லாப் பாவத்தையும் சுமந்துவிட்டாராம்; இனி அவர்கள் என்ன செய்தாலும் மன்னிப்பு உண்டாம்.”

இந்த ஒற்றை வரி சரிதானா? கிறிஸ்தவம் பலி என்று எதைச் சொல்கிறது, மன்னிப்பு என்று எதைச் சொல்கிறது? ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நீதி தவறும்படி நம்மைத் தூண்டிவிடக் கூடாது என்று திருக்குர்ஆன் (5:8) கட்டளையிடுகிறது. வெறுப்புக்கே இந்த எச்சரிக்கை என்றால், வெறுப்பு ஏதுமில்லாத அண்டை வீட்டாரின் நம்பிக்கையைத் திரித்துச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆகவே இக்கட்டுரையில் அந்தக் கோட்பாட்டின் வரலாற்றை, அது நம் மண்ணுக்கு வந்த வழியோடு சேர்த்துப் பார்ப்போம். அதன் பிறகே நமது மார்க்கத்தின் நிலையை அதனருகே வைப்போம்.

1623: சேந்தமங்கலம் வந்த துறவி

புதுச்சத்திரத்திற்கு அருகிலுள்ள சேந்தமங்கலம் பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களுக்குட்பட்ட ஒரு சிற்றரசின் தலைமையிடமாக இருந்தது. இராமச்சந்திர நாயக்கர் அதன் தலைவர். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் என்று மரபு கூறுவதும் அவரையே. 1623ஆம் ஆண்டு அவரிடம் ஒரு துறவி வந்தார். காவி உடுத்தியிருந்தார், புலால் உண்ணாதவர், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றவர். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர். அவருடைய இயற்பெயர் இராபர்ட் தெ நொபிலி. இத்தாலி நாட்டுப் பிரபுக் குடும்பத்தில் 1577இல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1605இல் கோவாவிலும் 1606இல் மதுரையிலும் கால் வைத்தவர்.

அவர் சேந்தமங்கலம் வந்த ஆண்டு தற்செயலானதன்று. உடையிலும் உணவிலும் இந்நாட்டு மரபை ஏற்றுக்கொண்டு கிறிஸ்தவத்தைப் போதிக்கலாமா என்னும் வழக்கு அவருடைய சபைக்குள்ளேயே பல ஆண்டுகள் நடந்தது. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணை வெளியிட்டார். அதன் பிறகே நொபிலி மதுரையைவிட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்தை அடைந்தபோது இராமச்சந்திர நாயக்கர் மரியாதையுடன் வரவேற்றார். அடுத்துச் சென்ற சேலத்திலோ முதலில் அவருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பொதுத் தங்குமிடத்தில் நோயோடு நாட்களைக் கழிக்க நேர்ந்தது. பின்னர் சேலத்தை ஆண்ட செலபட்டி நாயக்கரின் தமையனாரான திருமங்கல நாயக்கர் அவரிடம் நட்புக் கொண்டு, 1625இல் ஞானஸ்நானமும் பெற்றார் என்று சேசு சபையினரின் பதிவுகள் கூறுகின்றன.

அரசியல் செய்தியைவிட நமக்கு இங்கே முக்கியமானது மொழிச் செய்தி. நொபிலி கொண்டுவந்த கோட்பாட்டின் மையத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: பலி, பாவம். இரண்டும் தமிழில் ஏற்கெனவே உயிரோடு இருந்த சொற்கள். ஆனால் அவர் சொல்ல விரும்பிய பொருளில் இல்லை.

பலி என்றவுடன் இந்தச் சீமையின் உழவர் எண்ணியது ஊர் எல்லைத் தெய்வத்திற்கு வெட்டும் கிடாயை. தெய்வத்தின் சினம் தணிய, மழை பெய்ய, நோய் நீங்க மனிதன் கொடுப்பது அது. நொபிலி சொன்னதோ நேர் எதிரான திசை: கொடுப்பவர் இறைவன், பெறுபவன் மனிதன். பாவம் என்றவுடன் மக்கள் எண்ணியது முற்பிறவியிலிருந்து தொடரும் வினைக்கணக்கை. அக்கணக்கை அனுபவித்தே தீர்க்க வேண்டும். மன்னிக்க அங்கே யாருமில்லை. நொபிலி சொன்ன பாவமோ படைத்தவனுக்கு எதிரான ஒரு குற்றம். படைத்தவன் ஒருவன் இருப்பதால் மன்னிப்பும் இருக்க முடியும். இதனால்தான் மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்கென்றே ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்னும் நூலை அவர் எழுத வேண்டியிருந்தது. ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ முதலிய அவருடைய உரைநடை நூல்களிலும் சொல்லுக்கும் பொருளுக்குமான இந்தப் போராட்டத்தைக் காணலாம்.

அவருக்கு முன் கடற்கரையில் பணியாற்றியவர்கள் வேறு வழியை மேற்கொண்டிருந்தனர். கிறிஸ்தவர்களின் பலி வழிபாட்டிற்குப் போர்த்துகீசியச் சொல்லான ‘மீசா’வையே தமிழில் வழங்கினர். தமிழ்க் காதுக்கு அது முகத்து மீசையைத்தான் நினைவூட்டியிருக்கும். நொபிலி அதனை விடுத்துப் பூசை என்றார். ஆலயத்தைக் கோவில் என்றார். போதகரைக் குரு என்றார். இன்று வரையிலும் நம் ஊர்க் கத்தோலிக்க முதியவர்கள் ‘ஞாயிற்றுக்கிழமைப் பூசை’ என்று சொல்வதில் நானூறு ஆண்டு வரலாறு ஒலிக்கிறது.

அச்சேறிய தமிழும் பாவ அறிக்கையும்

நொபிலிக்கும் முந்திய ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’. அதைத் தந்த அன்றீக்கே அன்றீக்கசு என்னும் பாதிரியார் அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளியிட்டார். 1580இல் அவர் அச்சிட்டது, பாவங்களைக் குருவிடம் எப்படி அறிக்கையிடுவது என்று கற்பிக்கும் கையேடு. அதாவது தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்க ஆண்டுகளிலேயே பாவமன்னிப்பு ஒரு முழு நூலின் பொருளாகிவிட்டது.

அதே காலத்தில் நம் முன்னோரும் சும்மா இருக்கவில்லை. யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்ட வினாக்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விடையளிக்கும் அமைப்பில், வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. படைப்பு, மறுமை, நன்மை, தீமை ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்னும் கேள்வி இரு சமயத்தாருக்கும் ஒரே தலைமுறையில் எழுந்திருக்கிறது. இன்று தௌபாவை நாமும் ‘பாவமன்னிப்பு’ என்கிறோம். அவர்களும் அச்சொல்லையே ஆள்கிறார்கள். 1961இல் ‘பாவமன்னிப்பு’ என்னும் பெயரில் வெளியான திரைப்படத்தில் முஸ்லிம், கிறிஸ்தவ, இந்துப் பாத்திரங்கள் எல்லோரும் இருந்தும் அந்தத் தலைப்பு யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. சொல் பொதுவானது. அச்சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கை எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பதே நாம் ஆராய வேண்டியது.

குர்பானும் கஃப்பாராவும்: ஒரே வேர்

கிறிஸ்தவம் பேசும் பலியின் தொடக்கம் யூத மரபில் இருக்கிறது. அங்கே பலிக்குரிய எபிரேயச் சொல் ‘கொர்பான்’. சிரியாக் மொழியில் அது ‘குர்பானா’. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இன்றும் தங்கள் திருப்பலியைக் குர்பானா என்றே அழைக்கின்றனர். அரபியில் ‘குர்பான்’, ஆதம் (அலை) அவர்களின் இரு மக்கள் செலுத்திய காணிக்கையைக் குர்ஆன் (5:27) இச்சொல்லாலேயே குறிக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் நாம் கொடுக்கும் குர்பானியும் இதுவே. இந்தச் சொற்கள் எல்லாவற்றிற்கும் அடிப்படையான வேரின் பொருள் ‘நெருங்குதல்’. குருதி சிந்துவதோ கொல்வதோ அவ்வேரின் பொருளில் இல்லை. இறைவனை நெருங்கப் பயன்படுவது குர்பான்.

இன்னொரு சொல்லும் அப்படியே. யூதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கடைப்பிடிக்கும் பாவ நிவாரண நாள் ‘யோம் கிப்பூர்’. லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரம் அந்நாளின் சடங்கை விவரிக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமேல் தலைமைக் குரு கைகளை வைத்து மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டு, அதைப் பாலைவனத்திற்கு ஓட்டிவிடுவார். ‘கிப்பூர்’ என்னும் சொல்லின் வேரும் நமது ‘கஃப்பாரா’வின் வேரும் ஒன்றே. ஆனால் கஃப்பாரா என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது ஆடன்று. சத்தியத்தை முறித்தவர் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். அல்லது உடையளிக்க வேண்டும். அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும் (5:89). வேர் ஒன்றாக இருந்தும், குற்றத்தின் பரிகாரம் இங்கே பசித்தவனின் வயிற்றை நோக்கித் திரும்பியிருக்கிறது.

கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை இடித்தனர். பலிபீடம் இல்லாமற் போயிற்று. யூத அறிஞர்கள் பலியின் இடத்தில் தொழுகையையும் தர்மத்தையும் மனந்திரும்புதலையும் வைத்தனர். இயேசுவைப் பின்பற்றியோர் வேறொரு விடையைச் சொன்னார்கள். ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்ட பலிகள் யாவும் ஒரு நிழலே. சிலுவையில் இயேசு தம்மையே கொடுத்தது அந்த நிழலுக்குரிய உண்மை. ஆகையால் இனி ஆட்டுக்கோ மாட்டுக்கோ தேவையில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் முழுவதும் இந்த வாதத்தின் மீதே நிற்கிறது. கிறிஸ்தவ ஆலயங்களில் விலங்குப் பலி ஏன் இல்லை என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

ஒரே நம்பிக்கை, பல விளக்கங்கள்

ஆனால் ஒருவருடைய மரணம் மற்றவருடைய பாவத்தை எப்படித் தீர்க்கும்? நாம் கேட்கும் இக்கேள்வியைக் கிறிஸ்தவ அறிஞர்களும் தங்களுக்குள் நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். இதற்கு ஒரே விடை அவர்களிடம் இல்லை என்பதை நம்மில் பலர் அறியோம்.

தொடக்க காலத்தவர்களில் ஓரிஜன் போன்றோர் அதை மீட்புத் தொகை என்றனர்: பாவத்திற்கும் சாவுக்கும் அடிமைப்பட்ட மனிதனை விடுவிக்கக் கொடுத்த விலை. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த அகஸ்டின், ஆதாமின் வீழ்ச்சி அவர் சந்ததி முழுவதையும் பற்றிக்கொண்டது என்னும் பிறவிப்பாவக் கொள்கையை வலுவாக நிலைநாட்டினார். கீழைத் திருச்சபைகள் அதை அப்படியே ஏற்கவில்லை. பிறப்பால் வருவது சாவும் பலவீனமுமே, குற்றப்பழி அன்று என்பது அவர்கள் கருத்து. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், பாவம் என்பது இறைவனுக்குரிய மாட்சியைப் பறிப்பது. அதை ஈடுசெய்ய மனிதனால் முடியாது, இறைமகனால்தான் முடியும் என்று விளக்கினார். அவருக்கு அடுத்த தலைமுறையில் அபெலார்டு, சிலுவை கடன் தீர்க்கும் கணக்கன்று; இறைவனின் அன்பைக் காட்டி மனிதனின் கல்நெஞ்சைக் கரைப்பது என்றார்.

1517இல் லூத்தர் எழுப்பிய குரலின் தொடக்கமும் பாவமன்னிப்பே. பணம் கொடுத்தால் பாவத்தின் தண்டனை குறையும் என்று விற்கப்பட்ட சலுகைச் சீட்டுகளை அவர் எதிர்த்தார். சீர்திருத்தச் சபையினர், மனிதன் அடைய வேண்டிய தண்டனையைக் கிறிஸ்து தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதை அழுத்திச் சொன்னார்கள். அதை நம்பி ஏற்பதே இரட்சிப்பு. இடையில் குரு வேண்டியதில்லை என்றனர். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கத்தில் இதற்கு விடையளித்தது. 1551இல் பாவ அறிக்கை பற்றியும், 1562இல் பூசைப் பலி பற்றியும் தன் கோட்பாட்டை வரையறுத்தது. பூசை என்பது புதிய பலி அன்று. சிலுவையில் ஒருமுறை நிகழ்ந்த பலியையே குருதி சிந்தாத முறையில் முன்னிலைப்படுத்துவது என்றது.

இந்த ஐரோப்பிய வழக்கின் இரு தரப்பும் நம் சீமைக்கு வந்து சேர்ந்தன. கத்தோலிக்கம் நொபிலியோடு வந்தது. 1930இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. சீர்திருத்தச் சபையினரில் 1827இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் சேலத்தில் பணி தொடங்கினர். அவர்கள் கொண்டுவந்த தமிழ் வேதாகமத்தின் பின்னே 1715இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு முதல் ஒரு நூற்றாண்டு உழைப்பு இருந்தது. பாவநிவாரண பலி, கிருபாதார பலி, இரட்சிப்பு போன்ற சொற்கள் அந்த மரபிலிருந்தே மக்கள் வாய்க்கு வந்தன. கத்தோலிக்கர் பலிபீடம், திருப்பலி, பாவசங்கீர்த்தனம் என்பார்கள். சீர்திருத்தச் சபையார் அவற்றைச் சொல்லாமல் திருவிருந்து, இராப்போஜனம் என்பார்கள். இரண்டு ஆலயங்களும் ஒரே தெருவில் இருந்தாலும் சொற்களுக்கிடையே அந்தப் பழைய வழக்கு இன்னும் ஓடுகிறது. கிறிஸ்தவர் எல்லோரையும் ஒரே வரியில் அடக்குவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

“என்ன செய்தாலும் மன்னிப்பு” என்பது சரியா?

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஒற்றை வரிக்கு வருவோம். அருள் பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று கேட்டு, கூடவே கூடாது என்று பவுலே உரோமையர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் மறுத்திருக்கிறார். இந்தக் கேள்வி முதல் நூற்றாண்டிலேயே எழுந்து, அப்போதே மறுக்கப்பட்டது.

கத்தோலிக்க ஒழுங்கில் பாவசங்கீர்த்தனம் வெறும் வாய்ச்சொல் அன்று. முதலில் தன் மனத்தை ஆராய வேண்டும். அடுத்து, செய்ததற்காக உள்ளம் வருந்த வேண்டும்; பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் இதனை மனஸ்தாபம் என்கின்றன. தண்டனைக்கு அஞ்சி வருந்துவதைவிட இறைவனை நேசித்து வருந்துவதை உயர்த்தி, அதற்கு உத்தம மனஸ்தாபம் என்று பெயரிட்டன. இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். குருவிடம் சொல்ல வேண்டும். அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்ய வேண்டும். திருடியவன் திருடியதைத் திருப்பித் தராமல் இவை நிறைவு பெறா.

இதைப் படிக்கும் எவருக்கும் இமாம் நவவி (1233–1277) நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். தௌபாவுக்கு மூன்று நிபந்தனைகளை அவர் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் தொகுத்துத் தருகிறார்: பாவத்தை விட்டு விலகுவது, செய்ததற்காக வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. அந்தப் பாவம் இன்னொரு மனிதனின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் நான்காவதாக ஒன்றும் சேரும்: அவனுக்குரியதை அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அல்லது அவனிடம் மன்னிப்புப் பெற வேண்டும். குருவிடம் அறிக்கையிடுவதும் அவர் பரிகாரம் விதிப்பதும் நம்மிடம் இல்லை. மற்றபடி மனிதன் உள்ளே கடந்து செல்ல வேண்டிய பாதை பெரிதும் ஒத்திருக்கிறது.

எங்கே பிரிகிறோம்?

ஒற்றுமையைச் சொன்ன நாம் வேற்றுமையை மறைத்துப் பேசினால் அதுவும் நேர்மையாகாது.

முதலாவது, ஆதம் (அலை) அவர்களின் தவறு. அவர் இறைவனிடமிருந்து சில சொற்களைக் கற்று, அவற்றால் மன்னிப்புக் கோரினார். இறைவன் ஏற்றுக்கொண்டான் என்று குர்ஆன் (2:37) கூறுகிறது. அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. சந்ததிக்குக் கடத்தப்பட்ட கடன் எதுவும் இல்லை. இரண்டாவது, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை. இதனைக் குர்ஆன் ஒருமுறை அன்று, ஐந்து இடங்களில் (6:164, 17:15, 35:18, 39:7, 53:38) சொல்கிறது. மூன்றாவது, ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை (4:157) என்பது நமது நம்பிக்கை. நான்காவது, மன்னிக்க இறைவனுக்கு ஈடு எதுவும் தேவையில்லை. தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டவர்களும் அவன் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதே அவன் அழைப்பு (39:53).

இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நாமும் அவர்களும் நேசிக்கிறோம். அவர்கள் நூலில் பலிக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் ஈசாக்கு. நம்மிடையே பெரும்பான்மையோர் கருத்துப்படி இஸ்மாயீல் (அலை). மகனுக்குப் பதிலாகக் கிடைத்த ஆட்டுக்கடாவில் அவர்கள் சிலுவையின் முன்னடையாளத்தைக் காண்கிறார்கள். நாமோ தந்தையும் மகனும் சேர்ந்து கீழ்ப்படிந்ததைக் காண்கிறோம். அதனால்தான் பலியிட்ட பிராணியின் இறைச்சியோ குருதியோ இறைவனை அடைவதில்லை, உங்கள் தக்வாவே அடைகிறது என்னும் பொருளில் குர்ஆன் (22:37) நம்மை எச்சரிக்கிறது. குர்பானி பாவத்தின் விலை அன்று. தமிழ் முஸ்லிம்கள் அந்நாளைத் தியாகத் திருநாள் என்று அழைக்கிறோம். அந்தப் பெயரில் பலி என்னும் சொல் இல்லாததில் ஒரு பொருத்தம் உண்டு.

நம்மைப் பற்றியும் ஓர் ஒற்றை வரி உலவுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. “முஸ்லிம்களுக்கு மன்னிப்பே இல்லை; நன்மை தீமைத் தராசு மட்டும்தான்” என்பது அது. தராசு உண்டு, ஆனால் இறையருள் இன்றித் தம் செயலால் மட்டும் எவரும் சுவனம் புக முடியாது என்றும், அது தமக்கும் பொருந்தும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. நம்மைப் பற்றிய அந்த வரி நமக்கு எவ்வளவு அநீதியாகப் படுகிறதோ, அவர்களைப் பற்றி நாம் சொல்லும் வரியும் அவர்களுக்கு அவ்வளவே அநீதி.

கொல்லிமலையில் ஒரு குடும்பம்

கோட்பாட்டை நூலில் படிப்பது ஒன்று. அதை நம்பியவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்ப்பது இன்னொன்று. புதுச்சத்திரத்துக்காரர்கள் தினமும் காணும் கொல்லிமலையிலேயே அதற்குச் சான்று உண்டு.

ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் 1907இல் இந்தியா வந்து, சேந்தமங்கலத்தில் பணி செய்தார். 1913இல் எவலின் அம்மையாரை மணந்து இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். அப்போது மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மலையேறத் தயங்கினர். தம்பதியர் மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர், தச்சும் வேளாண்மையும் கற்பித்தனர். பல ஆண்டுகள் அவர்கள் போதனையை ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய விஷக்காய்ச்சலில், அவர்களை எதிர்த்து வந்த மலைப் பூசாரி ஒருவர் படுக்கையில் விழுந்தார். மற்றவர்கள் அஞ்சி விலகியபோது இவ்விருவரும் அவருக்குத் தொண்டு செய்தனர். இறக்கும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடமே அந்தப் பூசாரி ஒப்படைத்தார். 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலால் மாண்டார். எவலின் அம்மையார் தம் பணியைக் கைவிடவில்லை. ஓய்வு பெற்ற பின்னரும் மலைகளிலேயே ஊழியம் செய்து 1974இல் மறைந்தார். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

அவர்கள் மதமாற்ற நோக்கத்தோடு வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தோடு நாம் உடன்படவும் வேண்டியதில்லை. ஆனால் “என்ன செய்தாலும் மன்னிப்பு உண்டு” என்று நம்பிய ஒருவர் இப்படி வாழ்ந்திருக்க மாட்டார். தமக்காக ஒருவர் தம்மைக் கொடுத்தார் என்னும் நம்பிக்கை, தம்மைக் கொடுக்க அவர்களைத் தூண்டியிருக்கிறது. நாம் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. அதன் விளைவைக் கண்கொண்டு பார்க்க மறுப்பது மட்டும் நமக்கு அழகன்று. கிறிஸ்தவரிடையே கல்வியாளரும் துறவிகளும் உள்ளனர், அவர்கள் பெருமையடிப்பதில்லை என்று குர்ஆன் (5:82) பாராட்டியும் சொல்லியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

பிறர் நம்பிக்கையை அவர்கள் ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துரைப்பது நமது அறிவு மரபுக்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி இந்துக்களின் கொள்கைகளை அவர்களது நூல்களிலிருந்தே எடுத்து எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷஹ்ரஸ்தானீ ‘அல்மிலல் வந்நிஹல்’ என்னும் நூலில் கிறிஸ்தவப் பிரிவுகளைத் தனித்தனியே விவரித்தார். முதலில் விளங்கிக்கொள்வது, பிறகே மறுப்பது என்னும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. அழகிய முறையிலேயே விவாதிக்க வேண்டும் (16:125, 29:46) என்ற கட்டளைக்கு விளங்கிக்கொள்ளுதலே முதற்படி.

இன்னொரு பொதுவான பாடமும் இருக்கிறது. அது விவாதத்தைவிடக் கடினமானது. காணிக்கை செலுத்தப் பீடத்தின் அருகே வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் போதிக்கிறது. நமது மார்க்கமும் மனித உரிமைகளை அல்லாஹ்வின் உரிமைகளிலிருந்து பிரித்து, மனிதனுக்கு இழைத்த அநீதியை அந்த மனிதனிடமே தீர்த்துவர அனுப்புகிறது. பிறர் உரிமையைப் பறித்தவர் தொழுகையோடும் நோன்போடும் மறுமைக்கு வந்தாலும், அந்நன்மைகள் பாதிக்கப்பட்டோருக்குப் பங்கிடப்பட்டு இறுதியில் வெறுங்கையராய் நிற்பார் என்பது நபிமொழி.

எனவே வரப்பைச் சற்றே நகர்த்தி உழுத நிலம், தவணை தவறிய கடன், பங்குதாரருக்குச் சொல்லாமல் எடுத்த இலாபம், சகோதரிக்குக் கொடுக்காமல் நிறுத்திய வாரிசுப் பங்கு ஆகிய இவற்றை ஆட்டின் குருதியும் தீர்க்காது, அழுத கண்ணீரும் தீர்க்காது. உரியவர் வாசலுக்கு நாமே நடந்து செல்ல வேண்டும். அந்த வாசல் முஸ்லிமின் வாசலாகவும் இருக்கலாம், கிறிஸ்தவரின் வாசலாகவும் இருக்கலாம், இந்துவின் வாசலாகவும் இருக்கலாம்.

‘ஐயோ பாவம்’ என்று தமிழில் சொல்லும்போது பாவம் என்னும் சொல் இரக்கமாக மாறிவிடுகிறது. குற்றத்திற்கும் இரக்கத்திற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. தவறியவர் மீது இரங்குவதும், தவறியதை உரியவரிடம் சென்று ஒப்புக்கொள்வதும் நம் வீடுகளில் வழக்கமாக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. மாற்றாரைப் பற்றிப் பேசும்போதும் நீதி தவறாத நாவை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.